பெயர் பொறிக்காத கியூ

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து டிப் மாற்றும் வேலைதான். இந்த ஸ்னூக்கர் ஹாலில் ஒருத்தருக்கும் பந்தை அடிக்கிற கியூக்கோலை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் டிப் சரியில்லை. கியூ முனையில் ஒட்டுகிற சட்டைப் பொத்தான் அளவுத் தோல் அது. பந்து குழிக்குள் போகாவிட்டால் பழியெல்லாம் அதன் தலையில். நானும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது ஒட்டிக் கொடுக்கிறேன். ஊரார் சாக்குப்போக்கில் ஓடுகிறது என் பிழைப்பு.

மரம் கடைகிற லேத் மறுபடி முனகுகிறது. பெல்ட் மாற்ற வேண்டும். ஹாலை நடத்துகிற அத்தானிடம் சொன்னால், "ஹால்ல ஆடறவங்க சத்தத்தைவிட உன் லேத் சத்தம்தான் ஜாஸ்தி" என்பார். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னைக் கிண்டலடிப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. இந்தப் பின்னறையை எனக்கு விட்டவரும் அவர்தான். ஆகவே வாயை மூடிக்கொள்கிறேன்.

மார்க்கர் அண்ணன் டீயை வைத்துவிட்டு, "தங்கச்சி, ஆறிடும், குடிச்சிட்டு அப்புறம் சுரண்டு" என்றார். நான் இங்கே வந்த அன்றே தங்கச்சி ஆக்கிவிட்டார். டேபிளுக்குப் பிரஷ் போடுவது, பந்து அடுக்குவது, ஆட்டத்துக்குப் புள்ளி சொல்வது, குப்பை அள்ளுவது எல்லாம் அவர்தான். வலது கை முழங்கையில் மடங்கியே இருக்கும், நிமிராது. எப்போதோ கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தாராம். மதியம் ஹால் காலியாக இருக்கும்போது அந்த மடங்கின கையோடு தனியாக ஒரு ஆட்டம் போடுவார், தன் சொந்தக் கியூவில். அழகான கியூ. யார் செய்தது என்று பெயர் இல்லை. கேட்டால் சிரிப்பார்.

மார்ச் 6, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை போட்டியைத் தொடங்கிவைக்க மேப்பிள் சார் வருகிறார்! அத்தான் இன்று சொன்னதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக் கையில் எப்போதும் மேப்பிள் மரத்தூள் ஒட்டியிருக்கும் என்பதால் அந்தப் பெயர். அவர் செய்த கியூவை வைத்திருப்பவர்கள் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவருக்கு வயதாகிறது, பழுது வேலையை வெளியில் கொடுக்கப் போகிறார் என்று பேச்சு. எனக்குக் கொடுத்தால்?

அறையைக் கூட்டினேன். லேத்துக்கு எண்ணெய் விட்டேன். என் வீட்டுக்காரர் வண்டியில் கடைகளுக்கு ரொட்டி இறக்கிவிட்டு வந்து பார்த்து, "என்ன, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்களா?" என்று கேட்டார். கணவன் என்றால் இப்படித்தான் போல.

மார்ச் 9, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும். மனசு ஒரு நிலையில் இல்லை.

போட்டி தொடங்கியாயிற்று. மேப்பிள் சார் ஹாலைச் சுற்றி வந்தபோது சுவரோரம் சாய்ந்திருந்த மார்க்கர் அண்ணனின் கியூவைப் பார்த்தார். நின்றார். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் பெஞ்ச்ல செஞ்சது" என்றார். முடிக்காமல் வைத்திருந்த ஒரு கியூ ரொம்ப நாளைக்கு முன்னால் பட்டறையிலிருந்து காணாமல் போனதாம்.

மார்க்கர் அண்ணன் ஓடி வந்தார். "இல்லீங்க சார். எனக்குன்னு செஞ்சு குடுத்தது."

"யாரு?"

"சொல்லக் கூடாதுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே ஹால் முழுக்கப் பரவியது. அத்தானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. தன் ஹாலில், தன் ஆள். "என் மச்சினிச்சி பாத்துச் சொல்லட்டும்" என்றார். மேப்பிள் சாரும் "பாக்கட்டும், எனக்கும் தெரியணும்" என்றார். மார்க்கர் அண்ணன் என்னைப் பார்த்து, "தங்கச்சி பாத்தா சரி. அது என்ன சொன்னாலும் சரி" என்றார்.

உள்ளே எடுத்துவந்து பார்த்தேன். இரண்டு பாதியையும் இணைக்கிற பித்தளைத் திருகு, சாருடையதுதான். வளையங்கள் அவர் பாணி. பிடிக்கு மேலே கருமரத்தில் பதித்த கூர்முனைகள் நாலில் ஒன்று மட்டும் நூலிழை இறங்கி நிற்கிறது. அது மரத்தைப் பொருத்தி அறுக்கிற அவருடைய வெட்டுச் சட்டத்தின் கோளாறு. தெரிந்தவர்கள் அதை வைத்தே அவர் கியூவை அடையாளம் சொல்வார்கள். கியூ வழக்கத்தைவிடக் குட்டை. பிடிநூல் சுற்றிய இடம் வழக்கத்தைவிட மேலே. அடிப்பக்கம் இன்னும் நீள வேண்டியது, பாதியில் நின்றுவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. கடைசியாக, நூலுக்கு அடியில் பென்சில் குறி ஏதாவது இருக்குமோ என்று பிடிநூலை அறுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

வெளியே வந்து, "சாருடையதுதான்" என்றேன்.

மேப்பிள் சார் என் தோளைத் தட்டி, "உனக்குக் கண்ணு இருக்கும்மா" என்றார். மார்க்கர் அண்ணன் ஒரு தடவை என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். மிச்சமிருந்த ஆட்டங்களுக்குப் புள்ளி சொல்லி, டேபிள்களை மூடி, எல்லாம் முடித்துவிட்டுத்தான் போனார்.

உள்ளதைத்தானே சொன்னேன்?

மார்ச் 10, திங்கள்

மார்க்கர் அண்ணன் வரவில்லை. அத்தான், "வராம இருக்கிறதே நல்லது, நான் போகச் சொல்ற பாவத்துலேர்ந்து தப்பிச்சேன்" என்றார். போன வருடம் அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் மார்க்கர் அண்ணன். அதை நான் நினைவுபடுத்தவில்லை. அத்தானும் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மேப்பிள் சார் போன் செய்தார். அந்தக் கியூவை நானே முடித்துக் கொடுக்க வேண்டுமாம். அடியில் மரம் சேர்த்துச் சரியான நீளத்துக்குக் கொண்டுவந்து, பிடியைக் கீழே இறக்கி, புது நூல் சுற்றி. "பேரு மட்டும் நான் வந்து பொறிக்கிறேன்" என்றார். எனக்குச் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். வேறு மாதிரி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

ஒட்டு தெரியவே இல்லை. ஒரே மரத்தில் கடைந்ததுபோல ரேகையோடு ரேகை சேர்ந்துவிட்டது. பழைய பிடி இருந்த பள்ளத்தை மெல்லிய மரத்தகட்டால் அடைத்து, கீழே புதுப் பள்ளம் கடைந்து, கருநீல நூல் சுற்றினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள், "மார்க்கர் அண்ணனோடதா இது? அடையாளமே தெரியல" என்றாள். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் வரவில்லை. டீ நானே போட்டுக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

சார் வந்து அடிப்பக்கத்தில் தன் பெயரைப் பொறித்து எடுத்துப் போனார். பழுதுக்கு வந்த கியூக்கள் ஒரு பை நிறையக் கொடுத்தார். நினைத்தது நடந்துவிட்டது. பையைப் பிரிக்காமலே மூலையில் வைத்தேன்.

மார்ச் 19, புதன்

புதிதாக வந்திருக்கிற மார்க்கர் ஒரு கியூவைக் கொண்டுவந்து, "இது ஹால் கியூதான், ஆனா யாரோ டேப்பு சுத்திக் கெடுத்து வச்சிருக்காங்க. உரிச்சுக் குடுங்க" என்றான். எப்போதும் ரேக்கின் கடைசியில் நிற்கும் பழைய கியூ. வழக்கமாகப் பிடிக்கிற இடத்துக்கு ஒரு சாண் மேலே கறுப்பு டேப். அழுக்கேறி, விரல் பதிந்து, பளபளவென்று இருக்கிறது.

யார் இவ்வளவு மேலே பிடிப்பார்கள் என்று நானே டேபிளில் குனிந்து பார்த்தேன். வரவே இல்லை. கை இடிக்கிறது, கியூவின் பின்பாதி இடுப்புக்குப் பின்னால் தேவையில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு முழங்கையை மடக்கி, நிமிராத கைபோல வைத்துக்கொண்டேன்.

சரியாக இருந்தது.

கீழே வைத்துவிட்டேன்.  நான் மரத்தகடு வைத்து அடைத்த பள்ளம் இதே இடத்தில்தான் இருந்தது. கியூ குட்டையாக இருந்தது பாதியில் நின்றதால் இல்லை. அந்தக் கைக்கு அவ்வளவு போதும். முடித்து, அளவெடுத்து, அவருக்கென்றே செய்த கியூ. திருகைப் பார்த்தேன், வளையத்தைப் பார்த்தேன், நூலிழை இறங்கின முனையைப் பார்த்தேன். கூப்பிடு தூரத்தில் நின்ற மனுஷன் கையைப் பார்க்கவில்லையே. தினம் எனக்கு டீ கொண்டுவந்து வைக்கிற கை. என்ன ஜென்மம் நான்!

அந்த டேப்பை உரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மார்ச் 20, வியாழன்

அன்றைக்கு இங்கே எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எனக்கு நானே எழுதிக்கொள்வதில்கூடக் கள்ளத்தனம்.

பிடிநூலை அறுக்கும்போதே தெரிந்தது, அது எதிர்ச்சுற்று. மேப்பிள் சாரின் கியூக்களுக்கு எத்தனையோ தடவை நூல் மாற்றியிருக்கிறேன். அவர் நூல் ஒரு பக்கமாகத்தான் ஓடும். கைப்பழக்கம், மாறாது. இது இடதுகைக்காரர் சுற்றியது. பாதியிலேயே கத்தியை நிறுத்தினேன். நிறுத்தி, யோசித்தேன். கதவுக்கு வெளியே சாரின் குரல். எல்லோரும் காத்திருக்கிறார்கள். அவர் முகத்துக்கு நேரே, "உங்களுடையது இல்லை சார், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேலை கிடைக்குமா?

மிச்ச நூலையும் சரசரவென்று உரித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அன்று மாலை என் அறைக்கு வந்து அந்தக் கூடையைக் காலி செய்தது மார்க்கர் அண்ணன். தன் கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போன நூல் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு, கூடையைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே பிரித்து மடித்தேன்.

தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றால் பரவாயில்லை. கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம். இது அது இல்லையே.

மார்ச் 22, சனி

மார்க்கர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அவர் இல்லை. கார் நிறுத்துகிற இடத்தில் காவல் வேலைக்குப் போகிறாராம். அண்ணிதான் இருந்தார், துணி இஸ்திரி போட்டுக்கொண்டு. உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் அண்ணி" என்றேன்.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்கிட்ட எதுக்குச் சொல்ற? திருடன்னு என்கிட்டயா சொன்ன?"

நான் திருடன் என்று சொல்லவில்லை என்று ஒரு நொடி நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, அங்கேயே விழுங்கிவிட்டேன்.

"வெளியில போறதில்ல. வேலைக்குப் போறாரு, வர்றாரு, சுவரைப் பாத்துப் படுத்துக்கறாரு. கியூ போனதுக்கு இல்ல. 'தங்கச்சி பாத்தா சரின்னு நானே சொன்னேனே'ன்னு அதையேதான் சொல்றாரு" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "எல்லார் முன்னாடியும் சொன்னல்ல? எல்லார் முன்னாடியும்தான் இல்லேன்னு ஆகணும். இங்க வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா சரியாப் போச்சா?"

யார் செய்த கியூ என்று கேட்டேன். "அவரு வாயைத் திறக்க மாட்டாரு. எனக்கு என்ன வாக்கு? பெரிய ஆஸ்பத்திரியில கட்டைக்கால் செய்யற அம்மா. போய்க் கேளு" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

செயற்கைக் கால் செய்கிற பட்டறை ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எனக்குப் பழகின வாசனை, மரத்தூளும் பசையும். சுவர் முழுக்கக் கால்கள் மாட்டியிருந்தன. லேத்தில் ஒரு அம்மா நின்றிருந்தார், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இடது கையில் உளி.

விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்வதற்குள் லேத்தை நிறுத்திவிட்டார்.

மேப்பிள் சாரிடம் வேலை பார்த்தவராம். கியூக்களைக் கொடுக்க ஹாலுக்கு வரும்போது ஒரு ஆட்டம் ஆட ஆசை. யாரும் டேபிள் தர மாட்டார்கள், பொம்பளைக்கு என்ன ஆட்டம் என்று. மார்க்கர் அண்ணன்தான் மதிய நேரத்தில் டேபிளைத் திறந்துவிட்டு, "நீங்க ஆடுங்கம்மா, நான் பந்து அடுக்கறேன்" என்றாராம். மார்க்கர் அண்ணன் ஹால் கியூவை மேலே பிடித்துக்கொண்டு அவஸ்தைப்படுவதை இந்த அம்மா பார்த்துவிட்டு, ஒரு நாடாவால் தோளிலிருந்து விரல் வரைக்கும் அளந்துகொண்டு போய், சார் கழித்துப்போட்ட மரத்துண்டுகளில் செய்தது. சாரின் லேத், சாரின் சட்டம், வேலை முடிந்த பிறகு.

"பேரு போட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"அங்க செய்யற எல்லாத்துலயும் சார் பேருதான் விழும். இதுல அவர் பேரைப் போட எனக்கு மனசில்ல. என் பேரைப் போடத் தைரியமில்ல. வெளிய சொல்லாதீங்க, வேலை போயிடும்னு மார்க்கர்கிட்ட சொன்னேன்." லேத்தின் மேலிருந்த தூளைத் தட்டிவிட்டார். "நான் அங்கேர்ந்து வந்து எவ்வளவு காலம் ஆச்சு! இன்னுமா அதைக் காப்பாத்திட்டிருக்காரு அந்த மனுஷன்? ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனே!"

நூலைப் பற்றிக் கேட்டார். அறுத்துவிட்டேன் என்றேன். "எதிர்ச்சுற்றா இருந்திருக்குமே, பாக்கலையா?"

பார்த்தேன் என்றேன். அந்த அம்மா உளியைத் துடைத்து உறையில் போட்டார்.

மார்ச் 27, வியாழன்

சாருக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன். எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், நூல் விஷயம் உட்பட. "பயந்துட்ட, சொல்லிட்ட, விடு" என்று தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். இவரோ ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பை நிறைய வேலை குடுத்தாரே, அதைத் திருப்பி அனுப்பிட்டியா?"

அனுப்பவில்லை. பாதியை முடித்தும் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

சாரின் பட்டறைக்குப் போனோம். போகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், நான் கூப்பிடாமலே அந்த அம்மாவும் வந்தார், ஆஸ்பத்திரி உடுப்போடு. நான் மிச்சக் கியூக்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு.

அவரைப் பார்த்ததும் சாருக்குப் பாதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கியூவைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். அந்த அம்மா அதைத் தொடவில்லை. நான் சேர்த்த ஒட்டையும், அடைத்த பள்ளத்தையும், புது நூலையும் பார்த்தபடியே இருந்தார். நான் பெருமைப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் அவர் கண் போய் நின்றது. காலடியில் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"ஒரு முனை இறங்கியிருக்கு. அதனாலதான் என்னுதுன்னு நெனச்சேன்" என்றார் சார்.

"சட்டம் உங்களுதுதான் சார். வேலை என்னுது."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

சார் தன் முழங்கையை மடக்கிக் கியூவைப் பழைய பள்ளம் இருந்த இடத்தில் பிடித்துப் பார்த்தார். காணாமல் போன கியூ வேறாக இருக்கும், எங்கே போனதோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கையில எடுத்துப் பாத்தது நீ. உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது சார். நூல் எதிர்ச்சுற்று. சொல்லல."

"ஏன்?"

"நீங்க சந்தோஷப்படணும்னு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் நெஜமாவே தெரிஞ்சுக்கத்தாம்மா கேட்டேன்" என்றார். "இல்லேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். எனக்கு வயசாச்சு, கண்ணு மங்கல். அதனாலதான் உன்னைப் பாக்கச் சொன்னேன்."

அப்படியானால் ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமாம். இல்லாத புலிக்குப் பயந்து ஒரு மனுஷனைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியிருக்கிறேன்.

கியூவை என்னிடம் கொடுத்தார். அவர் பெயர் பொறித்த இடம் நான் சேர்த்த துண்டில்தான் இருக்கிறது. "வெட்டித்தானே ஆகணும், வெட்டிடு" என்றார். பையை வாங்கி ஓரமாக வைத்தார். இனிமேல் வேலை வருமா என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வெட்டிவிட்டேன். அடைத்த பள்ளத்தைத் திரும்பத் திறந்தேன். ஆனால் நான் கீழே கடைந்த புதுப் பள்ளம்? மரத்தில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஒத்த மரத்தில் ஒரு தகடு செய்து நிரப்பினேன். வெளிச்சத்தில் திருப்பினால் தழும்பு தெரிகிறது. ஒட்டு தெரியாமல் வேலை செய்கிறவள் என்று பேர் வாங்கினவள், இதை மட்டும் மறைக்க முடியவில்லை. எடையும் ஒரு மயிரிழை மாறியிருக்கும். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

ஏப்ரல் 4, வெள்ளி

அந்த அம்மா மதிய இடைவேளையில் வந்து என் லேத்தில் நூல் சுற்றினார். நான் சுற்றட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம், நானே சுத்தறேன்" என்றார். பக்கத்தில் நின்று நூல்கண்டைப் பிடித்துக்கொண்டேன். பேர் பொறிக்கிறீர்களா என்று கேட்டேன். "இப்ப எதுக்கு? யாரு செஞ்சதுன்னுதான் ஊருக்கே தெரியப்போகுதே, நீங்க சொல்லுவீங்கல்ல?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொன்னேன்.

ஞாயிறுதோறும் நடந்த போட்டியின் கடைசி நாள். ஹால் நிறையக் கூட்டம். அந்த அம்மாவும் வந்திருந்தார். மார்க்கர் அண்ணனும் அண்ணியும் வாசலோரம் நின்றார்கள். அண்ணிதான் இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அத்தான் மைக்கைக் கொடுக்கும்போது காதோடு, "சுருக்கமா முடி, எனக்கும் சேத்து மானம் போகுது" என்றார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கியூ யார் செய்தது, யாருக்குச் செய்தது, நூலைப் பார்த்தும் நான் ஏன் மறைத்தேன், எல்லாம் சொன்னேன். மார்க்கர் அண்ணன் எதையும் எடுக்கவில்லை, எடுத்தது நான்தான் என்றும் சொன்னேன்.

பார்த்தால், பாதிப் பேர் கேட்கவே இல்லை. நாலாவது டேபிளில் பந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கொட்டாவி விட்டார். "சரி சரி, ஆட்டத்தைத் தொடங்கலாமா?" என்று ஒரு குரல். அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னேன், ஹால் முழுக்கக் காது முளைத்திருந்தது. இன்றைக்கு இவ்வளவு சொல்கிறேன், எல்லோருக்கும் அவசரம்.

கியூவைக் கொண்டுபோய் மார்க்கர் அண்ணனிடம் கொடுத்தேன். மடங்கின கையால் வாங்கினார். நூலின் மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு விரல் கீழே இறங்கி அந்தத் தழும்பில் நின்றது.  அந்த அம்மாவைப் பார்த்து, "நான் சொல்லலம்மா" என்றார். "தெரியும்" என்று அந்த அம்மா அழுதார்.

காலில் விழலாம் போலிருந்தது. விழுந்தால் அதுவும் அவருக்குத்தான் சங்கடம். கைகூப்பி, "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். "பரவால்ல, பரவால்ல" என்றார், டேபிளில் யாராவது டீயைக் கொட்டிவிட்டால் சொல்வாரே அதே மாதிரி.

ஏப்ரல் 9, புதன்

மார்க்கர் அண்ணனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட அத்தான் இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்து, மூன்றாவது தடவை தானே போய்க் கூப்பிட்டிருக்கிறார். அக்கா சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மார்க்கர் அண்ணன் இன்று வேலைக்கு வந்துவிட்டார்.

அத்தான் ஸ்வீட் வாங்கி வந்து வம்படியாக எல்லோருக்கும் கொடுத்தார். ஹாலில் மறுபடி பிரஷ் சத்தம். டேபிள் ஒவ்வொன்றும் துடைத்து விட்டதுபோல ஆயிற்று. நான் பின்னறையிலிருந்து வெளியே வரவில்லை. அவராகக் கூப்பிடட்டும் என்று இருந்தேன். பயம் என்று எழுதினால்தான் சரி.

மதியம் எட்டிப் பார்த்தேன். தனியாக ஆடிக்கொண்டிருந்தார், அந்தக் கியூவில். முதல் அடி தவறியது. பிடியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். அடுத்த பந்து சத்தமில்லாமல் உள்ளே போனது. ஆடி முடித்ததும் கியூவைச் சுவரில் சாய்த்து வைக்கவில்லை. கழற்றி உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டே பந்து அடுக்கினார், மாட்டிக்கொண்டே குனிந்து குப்பை அள்ளினார்.

சாயங்காலம் ஹால் கியூ ஒன்றை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான் எழுந்துவிட்டேன். டீ எடுத்துவரட்டுமா என்று கேட்டேன். இப்போதுதான் குடித்தேன் என்றார். கியூவைக் கதவோரம் வைத்தார்.

"டிப் தேஞ்சிடுச்சு. நேரம் இருக்கும்போது பாருங்க மேடம்" என்றார்.

சரிங்கண்ணே என்றேன்.